முழு வட்டம் எவ்வளவு?

இரண்டு குடும்பங்களின் மாதச் செலவு இரண்டு வட்ட விளக்கப்படங்களாகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவு வட்டங்கள். முதல் வட்டத்தில் சாப்பாட்டின் மையக்கோணம் 144 டிகிரி, இரண்டாவதில் 90 டிகிரி. சாப்பாட்டுக்கு அதிகப் பணம் செலவாவது எந்த வீட்டில்? முதல் வட்டத்தின் மேல்தான் விரல் போகும். ஆனால் முதல் வீட்டின் மொத்தச் செலவு 15,000 ரூபாய், இரண்டாவதில் 40,000. கணக்குப் போட்டால் முதல் வீட்டில் 6,000, இரண்டாவதில் 10,000.

வட்டத்தின் துண்டு பங்கைச் சொல்லும். தொகை தெரிய மொத்தம் வேண்டும். அதனால் படத்தைப் பார்த்ததும் முதலில் தேட வேண்டியது முழு வட்டம் எவ்வளவு என்பதை. அது பெரும்பாலும் படத்துக்கு வெளியே, படத்தோடு வரும் கேள்வியின் ஒரு வரியில் இருக்கும். அப்புறம் எல்லாம் சுலபம். 360 டிகிரிதான் 100 சதவீதம். ஒரு சதவீதத்துக்கு 3.6 டிகிரி. மொத்தம் தராவிட்டாலும் ஒரு துண்டின் மதிப்பு போதும்: 36 டிகிரிக்கு 3,000 ரூபாய் என்றால், 36 என்பது வட்டத்தில் பத்தில் ஒன்று, மொத்தம் 30,000.

இந்த வகைப் படத்தை முதலில் அச்சிட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர், 1801இல். ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா என்று பரவியிருந்த துருக்கிப் பேரரசின் நிலப்பரப்பைத்தான் அவர் வட்டத்தில் பிரித்துக் காட்டினார்.

ஒருமுறையாவது கையால் வரைந்து பார்க்க வேண்டும். உலர்ந்த காற்றையே எடுத்துக்கொள்ளுங்கள்: நைட்ரஜன் சுமார் 78 சதவீதம், ஆக்சிஜன் 21, மற்றவை 1. கோணங்கள் 280.8, 75.6, 3.6. பெட்டியில் இருக்கும் கோணமானியோ 180 டிகிரியோடு முடிந்துவிடும். சரி, சிறிய இரண்டையும் முதலில் வரைந்துவிட்டால் மிச்சமெல்லாம் நைட்ரஜன். 5 செ.மீ. ஆரம் வைத்தால் 'மற்றவை' துண்டின் வில் வெறும் 3 மி.மீ.தான். அதிலும் பெரும்பகுதி ஆர்கான். பூமியைச் சூடாக்கும் கரியமில வாயு சுமார் 0.04 சதவீதம், அதன் வில் 0.13 மி.மீ. கூர்சீவிய பென்சில் கோடே அதைவிடத் தடிமன்! துண்டின் அளவை வைத்து அந்த வாயுவின் முக்கியத்துவத்தை எடைபோட்டால் என்ன ஆகும், பாருங்கள்.

படம் சாய்ந்த தட்டுபோல முப்பரிமாணத்தில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். முன்னால் இருக்கும் துண்டு பக்கவாட்டுத் தடிமனோடு சேர்ந்து பெரிதாகத் தெரியும். அங்கே கண்ணை நம்பாமல் எண்ணைப் படியுங்கள்.

மறுபடி அந்த இரண்டு வீடுகளுக்கு வருவோம். வருமானம் குறையக் குறையச் செலவில் சாப்பாட்டின் பங்கு கூடும் என்று ஜெர்மன் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இலேயே எழுதினார். அந்த 144 டிகிரி போக முதல் வீட்டில் வாடகை, பள்ளிக்கூடம், மருந்து எல்லாவற்றுக்கும் சேர்த்து இருப்பது 9,000 ரூபாய். இரண்டாவது வீட்டில் 30,000.