திருகு பதித்த தடம்

பழைய அமெரிக்கப் பாக்கெட் வாட்ச் ஒன்றின் பின்மூடியைத் திறக்கிறீர்கள். உள்ளே மெஷினில் ஒரு எண், கேஸில் வேறொரு எண். உடனே 'மெஷினை மாற்றிவிட்டார்கள்' என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த இரண்டு எண்களும் ஒத்துப்போக வேண்டும் என்ற அவசியமே அன்று கிடையாது.

19ஆம் நூற்றாண்டில் வால்தம், எல்ஜின் போன்ற ஆலைகள் பெரும்பாலும் மெஷினை மட்டுமே செய்து விற்றன. கேஸ் செய்வது கீஸ்டோன் போன்ற வேறு நிறுவனங்களின் வேலை. வாடிக்கையாளர் நகைக்கடையில் இரண்டையும் தனித்தனியாகப் பார்த்து எடுப்பார், கடைக்காரர் அங்கேயே பொருத்திக் கொடுப்பார். அளவுகள் பொதுவாக இருந்ததால் இது முடிந்தது: 16 சைஸ் என்றால் மெஷினின் குறுக்களவு 1.7 அங்குலம், 18 சைஸ் என்றால் ஏறக்குறைய 1.77. பிற்காலத்தில் மாற்றி மாட்டியவர்களுக்கும் இதே வசதிதான் கைகொடுத்தது. 1980 வாக்கில் தங்கம் விலை எகிறியபோது எத்தனையோ தங்கக் கேஸ்கள் உருக்குவதற்காகப் பட்டறைக்குப் போயின. மிஞ்சிய மெஷின்கள் கிடைத்த கேஸில் குடியேறின.

சரி, எண் உதவாது என்றால் எதைப் பார்ப்பது? கேஸின் உள்விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். மெஷினைக் கேஸோடு பிடித்து வைத்திருப்பவை ஓரத்தில் உள்ள இரண்டு சிறு திருகுகள். இறுக்கும்போது திருகின் தலை விளிம்பை அழுத்தி, மென்மையான உலோகத்தில் பிறை வடிவத் தடம் விடும். திருகுகள் இருக்கும் இடம் மாடலுக்கு மாடல் மாறும். இப்போதைய திருகுகளுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் இன்னொரு ஜோடித் தடம் தெரிந்தால், அந்தக் கேஸில் முன்பு வேறு மெஷின் இருந்திருக்கிறது. ஆனால் ஒரே ஜோடித் தடம் மட்டும் இருந்தால் 'ஒரிஜினல்' என்று சத்தியம் செய்ய முடியாது. அதே மாடலில் இன்னொரு மெஷினைப் போட்டிருந்தால், தடம் அதே இடத்தில்தான் விழும்.

அடுத்தது சாவி, அதாவது வாட்சுக்குச் சாவி கொடுக்கத் திருகும் குமிழ், இருக்கும் இடம். முன்பக்கமும் மூடி உள்ள ஹண்டர் கேஸுக்கான மெஷினில் சாவி 3 மணிப் பக்கம் வரும், மூடியில்லாத ஓபன் ஃபேஸ் வகையில் 12க்கு மேல். மூடியில்லாத கேஸில் சாவி 3 மணியில் நின்றால், ஹண்டர் மெஷினை அதில் ஏற்றியிருக்கிறார்கள். இதுவும் முழுச் சான்றல்ல. அந்தக் காலத்திலேயே சிலர் அப்படிக் கேட்டு வாங்கியதுண்டு. ஆனால் அதை 'ரயில்வே வாட்ச்', அதாவது ரயில் ஊழியர்கள் வேலையில் வைத்திருந்த வகை, என்று விற்க வந்தால் நம்பாதீர்கள். 1891இல் ஓஹியோவின் கிப்டனில் இரண்டு ரயில்கள் மோதிய பிறகு இறுகிய ரயில்வே விதிகள், மூடியில்லாத முகமும் 12 மணியில் சாவியும் வேண்டும் என்றன.

கடைசியாக, கேஸ் உள்ளே உள்ள முத்திரை. தங்கத் தகடு ஒட்டிய கேஸ்களில் '20 ஆண்டு உத்தரவாதம்' என்பதுபோல் பொறிப்பது வழக்கம். 1924இல் அமெரிக்க அரசு அதைத் தடுத்துவிட்டது. மெஷின் எண்ணை ஆலையின் உற்பத்திப் பட்டியலோடு ஒப்பிட்டால் அது செய்த ஆண்டு ஏறக்குறையத் தெரியும். கேஸில் 20 ஆண்டு முத்திரை, மெஷினோ 1930களின் நடுவில் செய்தது என்றால், இரண்டும் ஒரே நாளில் கடையை விட்டு வெளியே வந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.