அபாயகரமான சரக்கு அனுப்பும் பெட்டி: மேலே உள்ள குறியைப் படிப்பது எப்படி?

பெயின்ட், அமிலம், பூச்சிக்கொல்லி போன்றவற்றை அனுப்பக் கெட்டியான பெட்டி மட்டும் போதாது. அது சோதனையில் தேறியதைக் காட்டும் ஐ.நா. குறியும் பெட்டியின் மேல் இருக்க வேண்டும். கப்பல், விமானம், சாலை என வழிக்கு வழி விதிநூல் மாறினாலும், எல்லாவற்றுக்கும் அடிப்படை ஐ.நா.வின் மாதிரி விதிகள்தான்.

முதலில், சரக்கு என்ன பொருள் என்று காட்டும் நான்கு இலக்க ஐ.நா. எண்ணையும், அதன் ஆபத்தின் அளவைச் சொல்லும் பொதிவுத் தொகுதியையும் பாருங்கள். தொகுதி 1 என்றால் ஆபத்து மிக அதிகம், 2 நடுத்தரம், 3 குறைவு. பெட்ரோலின் எண் 1203, தொகுதி 2. வாயு சிலிண்டர், கதிரியக்கப் பொருள், தொற்றுப் பொருள் ஆகியவற்றுக்குத் தனி விதிகள் உண்டு.

அடுத்து குறி. '4ஜி/ஒய்20/எஸ்/24' என்று இருந்தால், 4ஜி என்பது அட்டைப்பெட்டி. 20 என்பது உள்ளே இருப்பதையும் சேர்த்து அதிகபட்ச எடை, கிலோவில். எஸ் என்பது திடப்பொருளுக்கோ, உள்ளே பாட்டில், டப்பா வைத்து அனுப்பவோ ஏற்றது என்று பொருள். 24 தயாரித்த ஆண்டு. இவற்றில் முக்கியமானது ஒய். எக்ஸ் பெட்டி மூன்று தொகுதிகளுக்கும் ஆகும். ஒய் பெட்டி 2, 3க்கு. இசட் பெட்டி 3க்கு மட்டும். காரணம், கீழே போட்டுப் பார்க்கும் உயரம்: பொதுவாக எக்ஸுக்கு 1.8 மீட்டர், ஒய்க்கு 1.2, இசட்டுக்கு 0.8. அடிப்பக்கம், மேல்பக்கம், நீளப்பக்கம், குறுகிய பக்கம், மூலை என ஐந்து விதமாக விழவைப்பார்கள். 3 மீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் வரும் பாரத்தை 24 மணி நேரம் தாங்குகிறதா என்றும் பார்ப்பார்கள்.

பலர் தவறுவது இங்கேதான். சோதனையில் தேறியது வெறும் அட்டை அல்ல. உள்ளே இருந்த பாட்டில், அதன் மூடி, மெத்தை போன்ற நிரப்பு, ஒட்டிய டேப் எல்லாம் சேர்ந்த முழுத் தொகுப்பு. விலை குறைவு என்று வேறு பாட்டிலை நீங்களாக மாற்றினால், வெளியே உள்ள குறிக்கு மதிப்பு இல்லாமல் போகலாம். பெட்டி விற்பவரிடம் மூடும் முறைக்கான குறிப்பைக் கேட்டு வாங்கி, அதன்படியே மூடுங்கள். பழைய பெட்டியில் இந்தக் குறி இருக்கிறது என்பதற்காக மறுபடி பயன்படுத்துவதும் ஆபத்து. கசங்கிய அட்டை சோதனையில் நின்ற அட்டை ஆகாது.

திரவத்தை விளிம்பு வரை ஊற்றக் கூடாது; 55 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் விரிந்தாலும் கலன் முழுதும் நிரம்பாத அளவுக்கு இடம் விட வேண்டும். பிளாஸ்டிக் டிரம், கேன்களைப் பொதுவாகத் தயாரித்த நாளிலிருந்து 5 ஆண்டுகள் வரைதான் பயன்படுத்தலாம்.

சிறு கலன்களில், வரையறுத்த அளவுக்குள் அனுப்பும் பல பொருள்களுக்கு ஐ.நா. குறி கட்டாயமில்லை. அப்போதும் பெட்டி தரமானதாக, மொத்த எடை 30 கிலோவுக்குள் இருக்க வேண்டும்.

சரியான பெட்டியைத் தேர்ந்தெடுத்து, மூடி, அடையாளமிடும் பொறுப்பு சரக்கை அனுப்புபவருடையது. அவர் தரும் அறிவிப்புப் படிவத்தில் இருக்கும் ஐ.நா. எண்ணும் பெட்டியின் மேல் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று கட்டுவதற்கு முன்பே ஒருமுறை ஒத்துப் பாருங்கள்.