மகப்பேறு விடுப்பு: ராஜினாமா எழுதிக் கொடுக்கும் முன்

'குடும்பத்தைப் புரிந்துகொள்ளும் நிறுவனம்' என்று விளம்பரம் செய்யும் கம்பெனிகள், மகப்பேறு விடுப்பையும் தாங்கள் தரும் சலுகைகளில் ஒன்றாகச் சேர்த்துவிடுகின்றன. அது சலுகை இல்லை. 1961 மகப்பேறு பலன் சட்டமும் அதன் 2017 திருத்தமும் தந்த உரிமை. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்துடன் 26 வாரம், ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருந்தால் 12 வாரம். சட்டம் இவ்வளவுதான். மீதியெல்லாம் அலைச்சல்.

'இன்னும் ஒரு வருஷம் முடியலையே', 'நீங்க ப்ரொபேஷன்', 'உங்களுது கான்ட்ராக்ட்' என்பார்கள். எதுவும் செல்லாது. பிரசவத்துக்குக் குறித்த தேதிக்கு முந்தைய 12 மாதங்களில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். சம்பளத்துடன் கூடிய விடுமுறைகளும் அதில் சேரும். ஒப்பந்தக் காலம் நடுவில் முடிந்தாலும் விடுப்புக்கான பணம் முழுதும் தர வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'முன்கூட்டியே சொல்லவில்லை' என்றும் தட்டிக்கழிக்க முடியாது. பிரசவத்துக்குப் பிறகுகூட எழுதிக் கொடுக்கலாம்.

உண்மையான இழுபறி இ.எஸ்.ஐ.யில், அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில். அதில் இருப்பவர்களுக்கு (சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய்) பணம் தருவது கம்பெனி இல்லை, இ.எஸ்.ஐ. அங்கே கணக்கும் வேறு: முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 70 நாளுக்காவது சந்தா ஏறியிருக்க வேண்டும். சம்பளத்தில் பிடித்ததைக் கம்பெனி கட்டாமல் விட்டிருந்தால்? கிளை அலுவலகத்தில் 'கம்பெனியைக் கேளுங்க', கம்பெனியில் 'இ.எஸ்.ஐ.யைக் கேளுங்க'. நிறைமாத வயிற்றோடு இரண்டு வாசலுக்கும் நடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கர்ப்பம் உறுதியானதுமே இ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் கணக்கைப் பாருங்கள். சம்பளச் சீட்டு ஒன்றையும் தொலைக்காதீர்கள்.

அப்புறம் அந்த ராஜினாமா. விடுப்பில் இருக்கும் பெண்ணை நீக்குவது சட்டவிரோதம் என்று ஹெச்.ஆருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் நீக்க மாட்டார்கள், எழுதித் தரச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் ஏழாம் மாதத்தில், 'குழந்தை பிறந்ததும் வந்து சேர்ந்துக்கலாம்மா' என்று அன்பாகவே கடிதம் வாங்கினார்கள். திரும்பிப் போனபோது அவர் இடத்தில் வேறொருவர். தானாக விலகியவர் என்று ஆகிவிட்டதால் வழக்கும் பலவீனம்.

கையெழுத்துப் போடாதீர்கள். வாய்ப்பேச்சில் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி, 'நீங்கள் சொன்னது இதுதானே' என்று கேளுங்கள். நீக்கியே விட்டால் தொழிலாளர் துறையிடம் முறையிட 60 நாள்தான் இருக்கிறது. பேறுகால அசதியில் அது ஓடியே போய்விடும். வீட்டில் ஒருவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.