நாளைய தேதியிட்ட பேரேடு

கிருஷ்ணகிரியில் மாம்பழப் பருவமும் கோடை இடியும் சேர்ந்தே வரும். காற்றோடு மழை வந்தால் தோப்புக்காரர்கள் காய் உதிருமே என்று கலங்குவார்கள். பழையபேட்டையில் இருந்துகொண்டு மாங்காய் மண்டி ஒன்றுக்குக் கணக்கு எழுதும் என் மாமா, கணினி அணைந்துவிடுமே என்று கலங்குவார். அவர் வீட்டு இன்வெர்ட்டரில் விளக்குகளும் மின்விசிறிகளும் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கின்றன. சென்ற மே மாதம் ஒரு மாலை, அன்றைய வரவுகளை அவர் உள்ளிட்டுக்கொண்டிருந்தபோது போன மின்சாரம் மறுநாள் காலையில்தான் திரும்பியது. கணினியை இயக்கியதும், உபுண்டு எனும் லினக்ஸ் வகை இயங்குதளத்தின் வழக்கமான திரை வரவில்லை. கறுப்புத் திரையில் சில வெள்ளை வரிகள் ஓடி முடிந்து, அடியில் ஒரு சிறு கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. "இடி விழுந்து ஹார்டு டிஸ்க் போயிடுச்சு மாப்ளே" என்று தொலைபேசியில் சொன்னார்.

திரையைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். லினக்ஸ் கணினி நின்றுபோகும்போது பெரும்பாலோர் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு அஞ்சிவிடுகிறார்கள். உண்மையான செய்தி அதற்குச் சற்று மேலேதான் இருக்கும். இங்கும் கடைசி வரி, வட்டின் கோப்பு முறைமையை, அதாவது கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கும் ஏற்பாட்டை, கையால் சரிபார்க்க வேண்டும் என்று மட்டுமே சொன்னது. அதற்கு மேலிருந்த வரிதான் விசித்திரமானது: இந்த வட்டு கடைசியாகப் பயன்படுத்தப்பட்ட நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது என்றது அது.

இதைப் புரிந்துகொள்ள, ஒரு கோப்பைச் சேமிக்கும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 'சேமி' என்ற பொத்தானை அழுத்தியவுடன் எழுத்துகள் வட்டுக்குப் போய்விடுவதாக நாம் நினைக்கிறோம். பொதுவாக அவை முதலில் ரேம் நினைவகத்தில்தான் தங்குகின்றன. வட்டு மெதுவானது, நினைவகம் வேகமானது என்பதால், லினக்ஸின் மையமான கர்னல் மாற்றங்களை அங்கே சேர்த்துவைத்துப் பின்னர் மொத்தமாக எழுதுகிறது. வழக்கமான அமைப்பில் 5 விநாடிக்கு ஒருமுறை ஒரு பின்னணிப் பணி விழித்தெழுந்து, 30 விநாடிக்கு மேல் காத்திருக்கும் மாற்றங்களை வட்டுக்கு அனுப்புகிறது. அந்த இடைவெளியில் மின்சாரம் போனால், நினைவகத்தில் இருந்தது அப்படியே மறைந்துவிடும்.

எழுதப்படாமல் போனது இழப்புதான் என்றாலும் ஆபத்தன்று. பாதி எழுதப்பட்டதே ஆபத்து. ஒரு கோப்பின் கடைசியில் நான்கு வரி சேர்ப்பதற்கே வட்டில் பல இடங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது: எந்தக் கட்டம் காலி, எது நிரம்பியது என்று காட்டும் வரைபடம் ஒன்று, கோப்பின் அளவு, உரிமையாளர், அது எந்தெந்தக் கட்டங்களில் கிடக்கிறது என்ற விவரங்களைத் தாங்கும் ஐநோட் எனும் பதிவு மற்றொன்று, வரிகள் உண்மையில் போய் அமரும் கட்டம் மூன்றாவது. இதில் ஒரு கட்டம் பெரும்பாலும் 4,096 பைட்டு. வரைபடம் திருத்தப்பட்டு ஐநோட் திருத்தப்படுவதற்குள் மின்சாரம் போனால், யாருக்கும் சொந்தமில்லாத கட்டம் ஒன்று நிரம்பியதாகக் கணக்கில் நிற்கும். வரிசை மாறி நடந்தால் இன்னும் மோசம். இரண்டு கோப்புகள் ஒரே கட்டத்துக்கு உரிமை கொண்டாடும். பேரேட்டில் வரவை ஏற்றிவிட்டு இருப்பைத் திருத்துவதற்குள் எழுந்துபோன கணக்குப்பிள்ளையின் வேலை போலத்தான்.

பழைய யுனிக்ஸ் கணினிகளும், லினக்ஸில் 1993-இல் வந்த ஈஎக்ஸ்டி2 என்ற கோப்பு முறைமையும், ஒழுங்காக அணைக்கப்படாவிட்டால் அடுத்த முறை இயங்கும்போது வட்டு முழுவதையும் துழாவி இந்த முரண்களைத் தேடின. வட்டுகள் பெரிதாகப் பெரிதாக அந்தச் சோதனைக்கு எடுக்கும் நேரமும் நீண்டது. இதற்கு 2001-இல் வந்த ஈஎக்ஸ்டி3 கொண்டுவந்த தீர்வு, மண்டிக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவருவதுதான்: நேராகப் பேரேட்டில் கை வைக்காமல் முதலில் நாள்வழியில் குறித்துக்கொள்வது. 2008 இறுதியில் நிலைபெற்று இன்று பெரும்பாலான வீட்டு லினக்ஸ் கணினிகளில் இருக்கும் ஈஎக்ஸ்டி4-உம் அதையே பின்பற்றுகிறது. செய்யப்போகும் திருத்தங்கள் அனைத்தும் முதலில் வட்டின் ஒரு தனிப் பகுதியில் வரிசையாக எழுதப்படுகின்றன. எழுதி முடித்ததும் 'இத்தொகுதி முழுமை பெற்றது' என்ற முத்திரை இடப்படுகிறது. அதன் பிறகே அவை உரிய இடங்களுக்கு ஏற்றப்படுகின்றன. மின்சாரம் போய்த் திரும்பினால் வட்டு முழுவதையும் துழாவத் தேவையில்லை. நாள்வழியை மட்டும் புரட்டி, முத்திரை உள்ள தொகுதிகளை மீண்டும் ஏற்றிவிட்டு, முத்திரை இல்லாத அரைகுறைத் தொகுதியைத் தள்ளிவிட்டால் போதும். பெரும்பாலும் இது சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது.

இந்த நாள்வழி நம் உழைப்பைக் காப்பதாகப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். அது காப்பது கோப்பு முறைமையின் கட்டமைப்பை மட்டுமே. ஈஎக்ஸ்டி4-இன் இயல்பான அமைப்பில் கோப்பின் உள்ளடக்கம் நாள்வழியில் ஏறுவதில்லை. ஐநோட், வரைபடம் போன்ற விவரங்களே ஏறுகின்றன. ஆகவே மின்வெட்டுக்குப் பின் வட்டு முரணின்றி எழுந்து நிற்கும். மாமா கடைசியாக உள்ளிட்ட வரிகள் அதில் இருக்க வேண்டும் என்பதில்லை.

அப்படியானால் அன்று அந்தக் கணினி ஏன் தானாகவே எழவில்லை? எந்தப் படியில் நின்றது என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மதர்போர்டில் உள்ள நிரல் முதலில் விழித்து, வட்டிலிருந்து கிரப் என்ற ஏற்றியை அழைக்கிறது. கிரப் கர்னலையும், தற்காலிகமான ஒரு சிறு கோப்புத் தொகுப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. அச்சிறு தொகுப்பிலிருந்து இயங்கும் நிரல்கள் முதன்மை வட்டைச் சரிபார்த்து இணைக்கின்றன, அதாவது பயன்பாட்டுக்குத் திறக்கின்றன. பிறகே சிஸ்டம்டி எனும் மேலாளர் நிரல் பொறுப்பேற்று மற்ற சேவைகளைத் தொடங்குகிறது. (கழற்றிவிட்ட இரண்டாவது வட்டின் பெயர் இணைப்புப் பட்டியலில் நீக்கப்படாமல் இருந்தால், சிஸ்டம்டி அதற்காக 1 நிமிடம் 30 விநாடி காத்திருந்து பார்க்கும். 'கணினி மெதுவாகிவிட்டது' என்று என்னிடம் வந்த புகார்களில் இரண்டு இந்த வகையைச் சேர்ந்தவை.) மாமாவின் கணினி நின்றது மூன்றாவது படியில். அதாவது மதர்போர்டு நலம், கிரப் நலம், கர்னல் நலம், வட்டையும் படிக்க முடிகிறது. வட்டைச் சரிபார்க்கும் நிரல் மட்டும் எதையோ கண்டு, தானாக முடிவெடுக்க விரும்பாமல் மனிதரைக் கூப்பிடுகிறது.

அது கண்டது தேதியைத்தான். கோப்பு முறைமையின் தலைப்புப் பதிவில், வட்டு கடைசியாக இணைக்கப்பட்ட நேரமும் கடைசியாக எழுதப்பட்ட நேரமும் குறிக்கப்பட்டிருக்கும். யுனிக்ஸ் வழியில் வந்த முறைமைகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாக எண்ணுகின்றன. எனவே எது முந்தியது, எது பிந்தியது என்பது இரண்டு எண்களை ஒப்பிடும் வேலைதான். தலைப்புப் பதிவில் முந்தைய மாலையின் நேரம் இருந்தது. கணினியின் கடிகாரமோ 2012 ஜனவரி 1 என்றது.

பழையபேட்டைக்குப் போய்ப் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினேன். தூசிக்கு நடுவே, ஒரு ரூபாய் நாணயத்தை விடத் தடித்த வெள்ளிநிற வில்லை ஒன்று மதர்போர்டின் பள்ளத்தில் அமர்ந்திருந்தது. சிஆர்2032 எனப்படும் 3 வோல்ட் லித்தியம் செல் அது. பெயரிலேயே அளவு இருக்கிறது, 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். மின்சாரம் இல்லாதபோது, விநாடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகத்தை ஓட்டிக் கடிகாரத்தை நகர்த்துவது இந்தச் செல்தான். சுவரில் சுவிட்ச் போட்டே இருக்கும் மேசைக் கணினியில், அணைத்த பின்னும் மின்வழங்கியிலிருந்து சிறிது மின்சாரம் வந்துகொண்டிருப்பதால் செல்லுக்கு வேலை குறைவு. அதனால் அது எப்போது தளர்ந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை. சில நிமிட மின்வெட்டுகளைத் தாங்கிவந்த செல்லால் ஓர் இரவு முழுவதையும் தாங்க முடியவில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன், 2.3 வோல்ட்டைக் காட்டியது.

இணையத்திலிருந்து நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதி லினக்ஸில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் இணையம் கிடைப்பதற்குள் வட்டு இணைந்தாக வேண்டும், வட்டு இணைவதற்குள் அது சரிபார்க்கப்பட வேண்டும். அந்த நேரத்தில் மதர்போர்டின் கடிகாரம் சொல்வதே வேதம். மதர்போர்டும் தன் பங்குக்கு முதல் திரையிலேயே தேதி தவறாக இருக்கிறது, எஃப்1 விசையை அழுத்துங்கள் என்று எச்சரித்திருக்கிறது. மாமா அதைப் படிக்காமல் அழுத்திவிட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை, நானும் பலமுறை அப்படிச் செய்ததுண்டு.

புதிய செல்லைப் பொருத்தித் தேதியைச் சரிசெய்த பின், எஃப்எஸ்சிகே எனும் சரிபார்ப்பு நிரலை வட்டின் பெயரோடு சேர்த்துக் கையால் இயக்கினேன். இதில் ஓர் எச்சரிக்கை: இணைக்கப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கும் வட்டின் மீது இதை இயக்கவே கூடாது. கர்னல் ஒரு பக்கம் எழுத, இது ஒரு பக்கம் திருத்த, நல்ல வட்டும் கெட்டுவிடும். எல்லாக் கேள்விகளுக்கும் 'ஆம்' என்று விடையளிக்கும் ஒய் குறியைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதையும் நான் விரும்புவதில்லை. வட்டிலிருந்து கரகர ஓசை வந்தாலோ, படிப்புப் பிழை என்ற வரிகள் ஓடினாலோ, திருத்தும் முயற்சியே கடைசி மூச்சைப் பறித்துவிடலாம். அப்போது பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி முதலில் நகல் எடுப்பதே முறை. இங்கே அப்படி எதுவும் இல்லை. நாள்வழி மீட்கப்பட்டது, காலிக் கட்டங்களின் எண்ணிக்கையில் இருந்த சிறு பிழை திருத்தப்பட்டது, ஒரு நிமிடத்திற்குள் உபுண்டு எழுந்துவிட்டது.

எழுந்த பின் ஜர்னல்சிடிஎல் கட்டளையால் முந்தைய இயக்கத்தின் பதிவுகளைப் பார்த்தேன். ஒழுங்காக அணைக்கப்பட்ட கணினியில், சேவைகள் ஒவ்வொன்றாக நின்றதையும் வட்டுகள் விடுவிக்கப்பட்டதையும் சொல்லும் வரிகள் இறுதியில் இருக்கும். இங்கே மாலை 6 மணி 42 நிமிடத்தில் ஒரு சாதாரண வரி; அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. வட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அட்டவணையில், பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை சுழியமாக இருந்தது. இடி எதையும் தொடவில்லை.

கணக்குக் கோப்பை லிப்ரேஆஃபிஸ் எனும் அலுவலக மென்பொருள் தன் மீட்பு நகலிலிருந்து திறந்து தந்தது. கடைசி 7 வரவுகள் மட்டும் அதில் இல்லை. மாமா மேசை இழுப்பறையிலிருந்து மண்டியின் எடைச் சீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, அவற்றை மறுபடி உள்ளிடத் தொடங்கினார்.