பதில் தயாராகும்போது பாதி காதில் விழுவதில்லை

ஒருவர் பேசி முடிப்பதற்கும் அடுத்தவர் பேசத் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது. தான்யா ஸ்டிவர்ஸ் தலைமையிலான குழு பத்து மொழிகளின் உரையாடல்களை அளந்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டது. மொழிக்கு மொழி சற்றே வேறுபட்டாலும், கேள்விக்கும் பதிலுக்கும் இடையே சராசரியாக 200 மில்லிவினாடிதான் கழிந்தது. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே மூளைக்கு ஏறத்தாழ 600 மில்லிவினாடி பிடிக்கிறது. கணக்கு இடிக்கிறது. எதிரில் இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைக் கட்ட ஆரம்பித்துவிடுகிறோம் என்பதுதான் இதற்கு விளக்கம். விடைக்குத் தேவையான தகவல் காதில் விழுந்ததுமே, கேள்வி முடியும் முன்பே, தயாரிப்பு தொடங்கிவிடுவதை மூளையின் மின் அலைப் பதிவுகளும் காட்டுகின்றன.

அரட்டைக்கு இது போதும். மனநல ஆலோசகர், செவிலியர், சமூகப் பணியாளர், இயன்முறை சிகிச்சையாளர் போன்றவர்களுக்கு இதுவே முதல் தடங்கல். பேச்சைப் புரிந்துகொள்வதும் பேச்சைத் தயாரிப்பதும் மூளையின் பல பகுதிகளைப் பங்குபோட்டுக்கொள்ளும் வேலைகள். போதாததற்கு, ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திவைக்கக்கூடியவை மூன்று நான்கு விஷயங்கள்தான். அதில் இரண்டு இடத்தை நம் பதில் பிடித்துக்கொண்டால், உதவி தேடி வந்தவர் சொல்வதற்கு மிஞ்சுவது கொஞ்சம். “மாத்திரை ஒழுங்காத்தான் போட்டுட்டிருந்தேன், போன வாரம் வரைக்கும்” என்கிறார் ஒருவர். முதல் பாதியிலேயே அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டவர், ‘மருந்து சரியாக எடுக்கிறார்’ என்று எழுதிவிடுவார். தெரிய வேண்டிய செய்தி அந்தக் கடைசி மூன்று சொற்களில் இருந்தது.

இழப்பு கேட்பவரோடு நிற்பதில்லை. ஜேனட் பாவலாஸ் குழு 2000-இல் வெளியிட்ட ஆய்வில், தாங்கள் மயிரிழையில் தப்பிய சம்பவங்களைச் சிலர் சொன்னார்கள். கேட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு ரகசியமாக ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது: குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை எண்ண வேண்டும். அவர்கள் ஒரு சொல்லையும் விடாமல் காது கொடுத்துத்தான் இருந்தார்கள். பொருளை மட்டும் பின்தொடரவில்லை. பொருளுக்கேற்ற முகமாற்றங்களும் ‘அய்யோ’க்களும் குறைந்ததும், சொல்பவர்களின் கதையே சொதப்பியது. அதிலும் உச்சகட்டத்தில்தான் அதிகம் தடுமாறினார்கள். முடித்ததையே மறுபடி முடித்தார்கள், நடந்தது ஏன் ஆபத்தானது என்று நியாயம் சொல்ல ஆரம்பித்தார்கள். ஆலோசனை அறையிலும் இதுதான் நடக்கிறது. கவனம் சிதறியவருக்குக் கிடைப்பது அரைகுறை வரலாறு. ‘இவர் சுற்றி வளைத்துப் பேசுகிறார்’ என்று நாம் குறைப்பட்டுக்கொள்ளும் பலரை அப்படிப் பேசவைப்பது நம் முகம்தான்.

‘பேசவிட்டால் நேரம் போய்விடும்’ என்ற அச்சமும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஹோவர்ட் பெக்மனும் ரிச்சர்ட் ஃபிராங்கலும் 1984-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர்கள் நோயாளியின் முதல் பேச்சைச் சராசரியாக 18 வினாடியில் இடைமறித்தார்கள். 2002-இல் வெளியான ஒரு சுவிட்சர்லாந்து ஆய்வில் மருத்துவர்கள் குறுக்கிடாமல் காத்திருந்தபோது, நோயாளிகள் தாமாகவே முடிக்க எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 92 வினாடி. நான்கில் மூன்று பேருக்கு மேல் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

செய்ய வேண்டியது கதவு திறக்கும் முன்பே ஆரம்பிக்கிறது. முடிக்காமல் விட்ட ஒரு வேலையின் ஒரு பகுதி அடுத்த வேலையிலும் மனத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை சோஃபி லெராய் 2009-இல் காட்டினார். ஆகவே இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே பத்து நிமிடம் விடுங்கள். முடியாத இடத்தில் இரண்டு நிமிடமாவது. முதலில், முந்தையவரைப் பற்றிய பாக்கியை ஒரே வரியில் எழுதுங்கள்: ‘நாளை காலை தாயாருக்கு போன், மருந்துச் சீட்டு பற்றி’. என்ன, எப்போது, யாரிடம் என்பது தாளில் ஏறிவிட்டால் மனம் அதை விடச் சம்மதிக்கும். ‘பார்க்க வேண்டும்’ என்று மொட்டையாக எழுதினால் விடாது. அடுத்து, உள்ளிழுப்பதை விட வெளிவிடுவது நீளமாக இருக்கும்படி ஐந்தாறு மூச்சு. மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பின் பிடி கூடி இதயத்துடிப்பு தணியும். இதில் மர்மம் ஏதுமில்லை. கடைசியாக, வரப்போகிறவர் சென்ற முறை சொன்ன ஒரு வாக்கியத்தை, அவர் சொன்ன சொற்களிலேயே படியுங்கள். கோப்பு முழுவதையும் புரட்டினால் ஆளுக்குப் பதில் நோய்ப்பெயர்தான் உள்ளே வந்து உட்காரும்.

அறைக்குள் கவனம் சிதறத்தான் செய்யும். சிதறாத ஆலோசகர் என்று யாரும் கிடையாது. திரும்பி வர எவ்வளவு நேரமாகிறது என்பதில்தான் பயிற்சி தெரிகிறது. சிதறியது தெரிந்ததும் பாதங்கள் தரையில் பதிந்திருப்பதை உணர்ந்து, கடைசியாகக் காதில் விழுந்த சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடையில் ஒரு துண்டே போய்விட்டிருந்தால் தலையாட்டிச் சமாளிப்பது வேண்டாம். “கடைசியா சொன்னதை நான் சரியா வாங்கிக்கலை, இன்னொரு தடவை சொல்றீங்களா?” என்று கேட்பதில் கௌரவம் ஒன்றும் குறையாது, சமாளித்தது அடுத்த கேள்வியிலேயே அம்பலமாகும்.

வந்தவர் பேச்சை நிறுத்திய பிறகு மூன்று வினாடி விடுவது அடுத்த பழக்கம். மேரி பட் ரோ வகுப்பறைகளில் பார்த்தது இதுதான்: ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள்; அதை மூன்று வினாடியாக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, தாமாகப் பேச முன்வந்தவர்களும் கூடினார்கள். அறையில் இந்த மூன்று வினாடிக்கு இன்னொரு பயனும் உண்டு. பதிலை அப்போது தயாரித்துக்கொள்ளலாம் என்று தெரிந்துவிட்டால், அவர் பேசும்போது தயாரிக்க வேண்டிய நெருக்கடி இல்லை. ஆனால் அழுகையை அடக்கிக்கொண்டிருப்பவருக்கும் மிகுந்த பதற்றத்தில் இருப்பவருக்கும் நீண்ட மௌனம் தண்டனையாகப் படும். அங்கே ஒரு “ம்… சொல்லுங்க” போதும்.

குறிப்பெடுப்பது பற்றி ஃபிராய்டு 1912-லேயே எச்சரித்தார்: எழுதுகிறவர் எதை எழுதுவது என்று தேர்ந்துகொண்டே கேட்கிறார், அதனால் எதிர்பார்ப்பதுதான் காதில் விழும். சட்டப்படி பதிவு தேவைப்படும் இடங்களில் முழுவதையும் அமர்வுக்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க முடியாது. மருந்தளவு, தேதி, பெயர் போன்றவற்றை மட்டும் அங்கேயே, “இதைக் குறிச்சுக்கறேன்” என்று சொல்லிவிட்டு எழுதலாம். கணினியில் தட்டச்சு செய்தாக வேண்டுமென்றால் திரை இருவருக்கும் தெரியும்படி இருக்கட்டும்.

நாற்காலிகளை நேருக்கு நேர் போடாமல் சற்றுக் கோணலாகப் போடுவது நல்லது. பார்வையை விலக்க வசதி வேண்டும். இமை கொட்டாமல் பார்ப்பது கவனம் என்று பயிற்சி வகுப்புகளில் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். வன்முறைக்கு ஆளானவர்களுக்கு அது அச்சுறுத்தல். இடைவெளி பார்த்துத் தலையாட்டுவது, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது ஆகியவையும் இதே ரகம். கிளிப்பேச்சு என்று வந்தவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: வந்தவரின் வலியில் நாம் முழுவதுமாக மூழ்கிப்போவது. தானியா சிங்கர் குழுவின் மூளை ஆய்வுகளில், பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக ஏற்பதும், அவர் நலம்பெற வேண்டும் என்ற அக்கறையும் வெவ்வேறு பகுதிகளைத் தூண்டின. முன்னது எதிர்மறை உணர்வைக் கூட்டி ஆளைக் களைக்க வைக்கிறது, பின்னது அப்படியல்ல. தொண்டை இறுகுவதும், அவரை அவசரமாகச் சமாதானப்படுத்தத் தோன்றுவதும் முன்னதின் அடையாளங்கள். அந்தச் சமாதானம் உண்மையில் கேட்பவருக்காகத்தான்.

இதையெல்லாம் சரியாகச் செய்கிறோமா என்று நம்மையே கேட்டுப் பயனில்லை. ஷேரி கெல்லரும் லெஸ்லி கிரீன்பர்க்கும் சக ஆய்வாளருடன் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையாளர் தன்னுடன் முழுமையாக இருந்ததாக வந்தவர் உணர்ந்தபோதுதான் அமர்வின் பலனும் உறவும் மேம்பட்டன. சிகிச்சையாளர் தனக்குத் தானே போட்ட மதிப்பெண்ணுக்கு அந்தத் தொடர்பு இல்லை. எனவே அமர்வின் முடிவில் “இன்னைக்கு நீங்க சொன்னதுல நான் எதையாவது தவறவிட்டேனா?” என்று கேளுங்கள். ஒப்புதலோடு பத்து நிமிடம் ஒலிப்பதிவு செய்து கேட்பது இன்னும் கறாரான சோதனை. அதில், வந்தவர் அப்போதுதான் சொன்ன எந்தச் சொல்லோடும் ஒட்டாமல் நாம் பேசிய இடங்களைப் பென்சிலால் குறித்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய பத்து வினாடியைத் திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டும். பதில் எங்கே தயாராகத் தொடங்கியது என்பது பெரும்பாலும் அங்கேயே கேட்கும்.