ட்ராமாவுக்கு அதிர்ச்சி என்று பெயர் வைத்தது யார்?

தருமபுரிப் பக்கம் ஒரு மருத்துவமனைப் பலகையில் 'அதிர்ச்சி சிகிச்சை மையம்' என்று எழுதியிருக்கிறது. எந்த மருத்துவமனை என்பது வேண்டாம், இது ஒன்றும் முதல் பலகை இல்லை. பலத்த அடிபட்டு வருகிறவர்களுக்குச் சிகிச்சை தரும் ட்ராமா சென்டர் என்பதற்குத் தமிழாம்.

சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ட்ராமா கிரேக்கச் சொல். பொருள் காயம், புண். வெளியிலிருந்து வந்த விசையால் உடலில் ஏற்படும் காயத்துக்கு மருத்துவர்கள் அதை வைத்துக்கொண்டார்கள். மனத்துக்கும் அது பொருந்தும் என்று 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேர்த்துக்கொண்டார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கடைசிப் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் போலிருக்கிறது.

சரி, அதிர்ச்சி என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்றால் அதுவும் முடியாது. மருத்துவத் தமிழில் அதிர்ச்சிக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ரத்தம் நிறையப் போயோ வேறு காரணத்தாலோ ரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் குறைந்துபோகும் ஷாக் என்ற நிலைக்குத்தான் அந்தப் பெயர். தொப்பூர் கணவாயில் லாரி மோதி இடுப்பெலும்பு உடைந்தவர் ட்ராமா நோயாளி. ரத்தம் போகப் போக அவர் ஷாக்குக்குப் போகலாம். பலகைத் தமிழில் இதைச் சொல்லிப் பாருங்கள்: 'அதிர்ச்சி நோயாளி அதிர்ச்சிக்குப் போனார்.'

ஆராய்ச்சியைத் தமிழில் எழுதும்போது இது இன்னும் விபரீதம். 2010இல் வெளியான கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்ட அடிபட்டவர்கள் இருந்தார்கள், இந்தியர்களும் உண்டு. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போனால் தருகிற அதே ட்ரானெக்சாமிக் அமிலத்தைத்தான் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து பெற்றவர்களில் 14.5 சதவீதம் பேரும், வெற்று மருந்து பெற்றவர்களில் 16 சதவீதம் பேரும் இறந்தார்கள். அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன், பிந்தினால் கெடுதலாகவும் முடியலாம். ரத்தம் பெருகக்கூடும் என்று மருத்துவர் சந்தேகித்தவர்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். இதை 'அதிர்ச்சி நோயாளிகளுக்கான மருந்து' என்று எழுதினால், அழுத்தம் விழுந்தவருக்கு மட்டும்தான் என்று படிப்பவர் நினைப்பார். அழுத்தம் விழும்வரை காத்திருந்தால் அந்த 3 மணி நேரம் என்னாவது?

ஒப்புதல் படிவத்திலும் இதே கூத்துதான். அடிபட்டவர் நினைவில்லாமல் கிடப்பார், வராண்டாவில் நின்று கையெழுத்துப் போடுவது மச்சானோ சித்தப்பாவோதான். பாலக்கோட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் அப்படி ஒரு தாளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கரண்ட் ஷாக் எல்லாம் இல்லீங்க, வண்டியில இருந்து உழுந்துட்டான்" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை, தாளில்தான் தப்பு.

அப்படியானால் எது சரி? 'அதிர்ச்சிக்காயம்' என்று ஒட்டுப்போடுகிறவர்களை விட்டுவிடலாம். 'விபத்துக்காயம்' பரவாயில்லை, ஆனால் போதாது. புளியமரத்திலிருந்து விழுந்தவரும், எருது விடும் விழாவில் முட்டுப்பட்டவரும் அதில் அடங்குவார்கள். அரிவாள் வெட்டு விபத்தா? தனித்தமிழ் அன்பர்கள் 'புண்' என்பார்கள். சங்ககாலத்தில் அது ஆயுதம் பட்ட காயம்தான், புறப்புண்ணுக்கு நாணிச் சேர மன்னன் வடக்கிருந்தான் என்று புறநானூறு சொல்கிறது. ஆனால் இன்று புண் என்றால் வாய்ப்புண், குடற்புண். 'புண் சிகிச்சை மையம்' என்று எழுதினால் சர்க்கரை நோயாளிகள்தான் வந்து நிற்பார்கள். சாதாரணக் காயத்திலிருந்து பிரித்துக் காட்டப் 'பெருங்காயம்' போடலாம் என்றால் ரசத்துக்குத்தான் ஆகும்.

என் ஓட்டு 'படுகாயம்' என்பதற்கு. நாளிதழ்கள் தினமும் எழுதுகின்றன, டீக்கடையில் எல்லோருக்கும் புரிகிறது. படுகொலை, படுகுழியில் வருகிற அதே 'படு'. படுகாயச் சிகிச்சைப் பிரிவு, படுகாய ஆய்வு என்றெல்லாம் தடையில்லாமல் நீட்டலாம். காயம் தூய தமிழா என்று சண்டைக்கு வருகிறவர்கள் அடிபட்டுப் படுத்தால் எந்தச் சொல்லைச் சொல்லி ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்களோ, அதையே நானும் சொல்கிறேன். மனத்துக்கானால் மனக்காயம். நாவினால் சுட்டதை வடு என்று வள்ளுவரே சொன்ன பிறகு மனத்துக்குக் காயம் படாது என்று யாரும் வாதாட முடியாது.

சொல்லைத் தேடி அலையாமலும் எழுதலாம். 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்கிறது. அந்தப் பெயரில் ட்ராமாவும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை, யாருக்கும் புரியாமலும் போகவில்லை.

இதே மொழிபெயர்ப்பாளர்கள்தான் ரெகவரிக்கு 'மீட்பு' என்று எழுதுகிறார்கள். 'மீட்புக் காலம் ஆறு மாதம்' என்று ஒரு கையேட்டில் பார்த்தேன். எங்கள் ஊரில் மீட்பு என்றால் கிரேன் வந்து, தீயணைப்புக்காரர்கள் கேபினை வெட்டி டிரைவரை வெளியே எடுப்பது. அது ஆறு மாதம் நடந்தால் டிரைவர் கதி என்ன? அதற்கப்புறம் எலும்பு கூடி, நடை பழகி, மறுபடி ஸ்டியரிங் பிடிக்கும்வரை நடப்பதற்குத் தேறுதல் என்று பெயர். 'இப்ப தேவலையா, தேறிட்டாரா?' என்றுதான் பார்க்க வருகிறவர்கள் கேட்கிறார்கள்.