மேலிருந்து பார்க்க வரையப்பட்ட நகரங்கள்

மனைப்பிரிவுத் திட்டங்களைச் சரிபார்க்கும் நகரமைப்பாளர் என்ற முறையில் சொல்கிறேன்: வட்டமும் நட்சத்திரமுமாக அச்சிட்ட பறவைப் பார்வைப் படத்தைப் பார்த்து ஓர் ஊரை மதிப்பிடாதீர்கள். இந்த மயக்கத்துக்கு ஐந்நூறு ஆண்டுக்கு மேல் வயதாகிறது. 1460களில் பிலாரெத்தே என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞர், மிலான் கோமகன் ஸ்ஃபோர்ஸாவின் பெயரால் ஸ்ஃபோர்ஸிந்தா என்னும் நகரைக் கற்பனை செய்தார். ஒரு சதுரத்தின் மேல் இன்னொன்றைத் திருப்பி வைத்ததால் கிடைத்த எட்டு முனை நட்சத்திரம் அது. கட்டப்படவே இல்லை.

1516இல் வெளிவந்த தாமஸ் மோரின் 'உட்டோப்பியா' என்ற நூலில் வரும் கற்பனைத் தீவின் 54 நகரங்களும் ஒரே அச்சில் இருக்கும். தெருக்கள் இருபது அடி அகலம், கதவுகளுக்குப் பூட்டில்லை, பத்தாண்டுக்கு ஒருமுறை சீட்டுக் குலுக்கி வீடு மாற வேண்டும். ஒன்பதாம் ஆண்டில் ஒழுகும் கூரையை யார் அக்கறையோடு செப்பனிடுவார் என்று என் தொழில்புத்தி கேட்கிறது.

உண்மையிலேயே எழுந்த நட்சத்திர நகரம், இன்றைய வடகிழக்கு இத்தாலியில் உள்ள பால்மனோவா. ஒட்டோமானியரையும் ஹாப்ஸ்பர்க் அரசையும் எண்ணி அஞ்சிய வெனிஸ் குடியரசு 1593இல் அதற்கு அடிக்கல் நாட்டியது. அதன் ஒன்பது முனைகளும் அழகுக்காக மட்டும் வந்தவையல்ல. மதிலிலிருந்து துருத்தி நிற்கும் ஒரு கொத்தளத்தின் அடியில் பதுங்கும் எதிரியைப் பக்கத்துக் கொத்தளத்திலிருந்து சுடலாம், பீரங்கிக்குக் கண்படாத மூலையே இருக்கக்கூடாது என்பது கணக்கு. நடுவே அறுகோணச் சதுக்கம். அங்கிருந்து புறப்படும் ஆறு தெருக்களில் மூன்று மட்டுமே ஊர்வாயிலுக்குப் போகின்றன. உள்ளே நடப்பவருக்கு நட்சத்திரம் புலப்படாது, மண்மேடுதான் தெரியும். எல்லாம் கச்சிதமாக அமைந்தும் குடியேற ஆள் வரவில்லை. எல்லைக்கோட்டையில் சாதாரணக் குடும்பத்துக்கு என்ன பிழைப்பு? 1622இல் கைதிகளுக்கு மன்னிப்பும் இலவச மனையும் தந்து வெனிஸ் ஆள் சேர்த்தது.

அதனால் வரைபடம் கைக்கு வந்ததும் தண்ணீர் எங்கிருந்து வரும், மழைநீர் எங்கே வடியும், வேலைக்கு எங்கே போவார்கள் என்று கேளுங்கள். தெருவில் நிற்பவரின் கண்மட்டத்தில் வரைந்த படத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வரைந்தபடியே ஊர் அமையாது என்பதற்கு இன்னொரு சான்று: ஜெர்மனியின் கருங்காட்டில் வூர்ட்டம்பெர்க் கோமகன் பிரீட்ரிஷ், கட்டடக் கலைஞர் ஹைன்ரிஷ் ஷிக்ஹார்ட்டைக் கொண்டு 1599இல் பிராய்டன்ஷ்டாட்டைத் தொடங்கினார். ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்கள் வரைந்த ஆட்டக் கட்டத்தை நினைவூட்டும் அந்தத் திட்டத்தில், சந்தைத் திடலின் மூலையில் தேவாலயம் இரு கைகளாக மடங்கி நிற்கிறது. ஒரு கையில் ஆண்கள், மறுகையில் பெண்கள், மடிப்பில் நிற்கும் போதகரை இருசாராரும் பார்க்கலாம், ஒருவரையொருவர் பார்க்க முடியாது. திடலின் நடுவே கோமகனுக்கு அரண்மனை எழ வேண்டும். 1608இல் அவர் இறந்தார்; அரண்மனை கட்டப்படவில்லை, அதற்கென ஒதுக்கிய இடம் ஜெர்மனியின் மிகப் பெரிய சந்தைத் திடல்களில் ஒன்றாகிவிட்டது.